வேனில் வரும் மலிவு சால்மன்: சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் கவனத்திற்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாட்சாப்பில் ஆர்டர் எடுத்து, தமான் தமானாக (குடியிருப்புப் பகுதி வாரியாக) வேனில் மீன் கொண்டு வந்து தருகிறார் ஒருவர். 'நார்வே சால்மன், ஃபிரெஷ்' என்று விளம்பரம். விலையும் பேரங்காடியைவிடக் குறைவு. அவரிடம் ஒரு கிலோ வாங்கி ஏமாந்த கதை இது. இன்னும் யாராவது அவரிடம் பணம் கட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

மாமனாருக்கு உப்பு சால்மன் செய்யத்தான் வாங்கினேன். தோட்டத்து லயத்தில் கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவர். இப்போது பல் இல்லை. ரசம் சோற்றுக்கு இந்த மீன் அவருக்கு மெத்தென்று இருக்கும். வேலையும் அதிகமில்லை. ஈரத்தைத் துடைத்துவிட்டு, 100 கிராம் மீனுக்கு 3 கிராம் உப்பு என்ற கணக்கில் எல்லாப் பக்கமும் தடவி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைக்க வேண்டும். மறுநாள் கசிந்த நீரை ஒற்றி எடுத்துவிட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி மிதமான தீயில் சுட்டால் போதும். கருவாடு மாதிரி வெளியே வைக்கக் கூடாது, இவ்வளவு உப்பு மீனைக் கெடாமல் காக்காது.

நல்ல மீன் உப்பில் கொஞ்சம்தான் நீர் விடும், சதை இறுகும். இதுவோ ஆரம்பத்திலேயே சரியில்லை. பாக்கெட்டின் ஒரு மூலையில் இளஞ்சிவப்பாகப் பனிக்கட்டி திரண்டிருந்தது. உருகியதும் நீரை வடித்து நிறுத்தால் 720 கிராம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. வெள்ளைக் கோடுகள் ஓடும் இடமெல்லாம் சதை பிளந்து கிடந்தது. உப்பு போட்டு வைத்தால் காலையில் தட்டு நிறைய கலங்கல் தண்ணீர். சட்டியில் போட்டதும் உதிர்ந்து, பழைய எண்ணெய் வாடை வீடு முழுக்க. மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருமுறை உருகிய மீனை மெதுவாக மறுபடி உறைய வைத்தால், பெரிய பனிப்படிகங்கள் உருவாகிச் சதையைக் கிழித்துவிடும். அதனால்தான் இவ்வளவு நீர். உறைந்த மீன் காய்ந்து போகாமலிருக்க மேலே மெல்லிய பனிப்பூச்சு கொடுப்பது வழக்கம்தான். ஆனால் அந்தப் பனியை மீன் கணக்கில் சேர்த்து விற்பது ஏமாற்று வேலை. நல்ல நிறமாக இருக்கிறதே என்றும் நம்ப வேண்டாம். வளர்ப்பு சால்மனுக்கு அந்த நிறம் தீவனத்தில் சேர்க்கும் அஸ்டாஸாந்தின் என்ற நிறமியால் வருவது. அதை வைத்துப் புதுசா பழசா என்று சொல்ல முடியாது.

படமெடுத்து அனுப்பினேன். "மீன்னா தண்ணி விடத்தானே அக்கா செய்யும்" என்று பதில் வந்தது. "தண்ணிக்கா தம்பி நான் காசு கொடுத்தேன்?" என்று கேட்டதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

பாக்கெட்டில் 'பெராட் பெர்சிஹ்' என்று நிகர எடை இல்லை. விற்பவர் பெயரும் முகவரியும் இல்லை. இதுதான் பெரிய சிக்கல். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், வக்கீலும் தேவையில்லை. ஆனால் யார்மேல், எந்த முகவரிக்கு என்று எழுத வேண்டுமே! அதனால் பணம் அனுப்புவதற்கு முன்பே நிறுவனப் பதிவு எண்ணையும் முகவரியையும் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். பாக்கெட் கைக்கு வந்ததும் வேன் நிற்கும்போதே பாருங்கள். மூலையில் பனி திரண்டிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேன் எண், பணம் கட்டிய ரசீது, படங்கள் எல்லாம் சேர்த்து உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளையில் புகார் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் இதே மாதிரி நடந்திருந்தால் வாட்சாப் உரையாடலை அழிக்காமல், நீங்களும் போய் ஒரு புகார் கொடுங்கள்.