டிஎஸ்எஸ் ரிஸ்டோர்: பல வால்யூமில் பரவிய ஃபைலும் என் பொறுமையும்

கடலூர்க்காரத் தம்பி ஒருவர், முன்பு என்னோடு வேலை பார்த்தவர், போன வாரம் கேட்டார்: "அண்ணே, எங்க சைட்ல பேக்கப் டூலை மாத்தலாமான்னு பேச்சு ஓடுது. மல்டி வால்யூம் டேட்டா செட்டை டிஎஸ்எஸ்ல நம்பி ரிஸ்டோர் பண்ணலாமா?" அப்போது போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். டிஎஸ்எஸ் என்பது ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் டேட்டாவை பேக்கப் எடுக்கவும் (டம்ப்), திரும்பக் கொண்டுவரவும் (ரிஸ்டோர்) உள்ள டூல். வால்யூம் என்றால் டிஸ்க், டேட்டா செட் என்றால் ஃபைல்.

அதன் ப்ரோக்ராமான ஏடிஆர்டிஎஸ்எஸ்யூவுக்கு ஜாப் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் இது. வேகத்தில் எனக்குக் குறையே இல்லை. ஒரு தடவைக்கு எவ்வளவு படிப்பது என்று சொல்கிற ஆப்டிமைஸ் எதுவும் கொடுக்காமல் டம்ப் எடுத்தால் ட்ராக் ட்ராக்காகப் படிக்கும். 4 என்று போட்டால் பல ட்ராக் சேர்ந்த முழு சிலிண்டரை ஒரே மூச்சில் அள்ளும். அந்த ஒரு எண்ணை மாற்றச் சோம்பல்பட்டுக்கொண்டு டூல் மந்தம் என்று புலம்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

உழைப்பிலும் குறை சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது, ரெயின்போ நகரில் தெருவெல்லாம் தண்ணீர். கரண்ட் போய், இன்வெர்ட்டரும் கையை விரித்தது. நான் சப்மிட் பண்ணிய ரிஸ்டோர் மட்டும் எங்கோ இருக்கும் டேட்டா சென்டரில் பாட்டுக்கு ஓடியது. லாக்-ஆன் போனால் நம் திரைதான் போகும், ஜாப் போகாது. மறுபடி உள்ளே போய்ப் பார்த்தபோது ரிட்டர்ன் கோடு பூஜ்யம், அதாவது பிழையில்லாமல் முடிந்திருந்தது.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். செலக்ட்மல்டி.

லாஜிக்கல் டம்ப், அதாவது ஃபைல் ஃபைலாக எடுக்கிற டம்ப், எடுக்கும்போது லாகின்டைனம் என்று வால்யூம் பட்டியல் கொடுக்கிறோம் அல்லவா? பல வால்யூமில் பரவிய டேட்டா செட்டை எடுப்பதா விடுவதா என்பதை இந்த செலக்ட்மல்டிதான் தீர்மானிக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு ஆல். அதாவது, அந்த டேட்டா செட்டின் துண்டு இருக்கிற வால்யூம் ஒவ்வொன்றும் பட்டியலில் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் முழு டேட்டா செட்டையும் டம்ப் பண்ணாது. கார்டில் பெயர் உள்ள அத்தனை பேரும் நேரில் வந்து நின்றால்தான் அரிசி என்கிற ரேஷன் கடை மாதிரி.

சின்ன ஃபைலுக்கு இது தொல்லையே இல்லை. மாதக் கடைசியில் வீங்குகிற ஃபைல்தான் வினை. சாதாரண சீக்வென்ஷியல் ஃபைலுக்கு ஒரு வால்யூமில் 16 எக்ஸ்டென்ட்தான், அதாவது 16 தொடர்ச்சியான இடத்துண்டுகள். அது தீர்ந்தால், இடம் கொடுத்திருந்தால், அடுத்த வால்யூமுக்குத் தாவும். இப்படி 59 வால்யூம் வரை போகலாம். அது தாவிய வால்யூமின் பெயர், யாரோ எந்தக் காலத்திலோ கையால் தட்டி வைத்த பட்டியலில் இருக்காது. எங்கள் வாடிக்கையாளர் சைட்டில் நடந்தது இதுதான். ரிஸ்டோருக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த மாதக் கணக்கு ஃபைல் டம்பிலேயே இல்லை. பழைய அவுட்புட்டை எடுத்து ஏடிஆர்454ஐ மெசேஜுக்குக் கீழே தேடினோம். வெற்றிகரமாக முடிந்தவை என்று வரிசையாக நூற்றுக்கணக்கில் பெயர்கள், இது மட்டும் இல்லை. முழுசாகக் கிடைக்காவிட்டால் தொடமாட்டேன் என்பதில் ஒரு நேர்மை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பாதி ஃபைலை வைத்து என்ன செய்வது? ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த நியாயம் மண்டையில் ஏறாது.

டிஸ்க்கை ட்ராக் வாரியாக அப்படியே எடுக்கிற பிசிக்கல் டம்ப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதில் ஒவ்வொரு வால்யூமின் துண்டையும் அதனதன் டம்பிலிருந்து நாமே தனித்தனியாகக் கொண்டுவர வேண்டும். ஒரு வால்யூமை 12 மணிக்கும் இன்னொன்றை 1 மணிக்கும் டம்ப் எடுத்திருந்து, நடுவில் ஃபைலில் யாராவது எழுதியிருந்தால், இரண்டு துண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. விசாம் வகை ஃபைல் என்றால் அப்புறம் ஐடிகேம்ஸ் யுடிலிட்டியில் டிஃபைன் ரீகேட்டலாக் கொடுத்து கேட்டலாகில் மறுபடி பதிகிற வேலை வேறு. டிஸ்க் முழுசாகப் போனால் பிசிக்கல்தான் கை கொடுக்கும். ஒற்றை ஃபைலுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

லாஜிக்கல் டம்பில் ஃபைல் ஒழுங்காக இருந்துவிட்டால் கதையே வேறு. பழைய வால்யூம்களில் இடம் இருக்கிறதா என்ற கவலை வேண்டாம். வால்கவுண்ட்(எனி) என்று ஒரு வார்த்தை போட்டால், தேவையான அளவு வால்யூம்களில் தானே பரப்பிக்கொள்ளும். மூன்று வால்யூமில் சிதறிக் கிடந்த ஃபைல் ஒரே வால்யூமில் கச்சிதமாக உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைப் பார்த்தால் மனசு குளிரும்.

அப்புறம் டைப்ரன்=நோரன். எக்ஸெக் வரியில் பார்ம் ஆகக் கொடுத்தால், எதையும் நகர்த்தாமல் எந்தெந்த டேட்டா செட் தேறும் என்று மட்டும் பட்டியல் போடும். இவ்வளவு நல்ல வசதியை ஏன் யாரும் மதிப்பதில்லை என்று புரியவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தம்பிக்கு நான் சொன்ன பதில்: "காசு இருந்தா வேற டூல் வாங்குங்கப்பா." இன்றைய மனநிலையில் அதுதான் என் தீர்ப்பு. நான் மட்டும் மாற்றப்போவதில்லை. கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது.

எதை வாங்குவதாக இருந்தாலும், அதுவரைக்கும் உங்கள் டம்ப் ஜாப்களைத் திறந்து லாகின்டைனம் என்று தேடுங்கள். கையால் எழுதிய வால்யூம் பட்டியல் இருந்தால் எடுத்துவிட்டு, வால்யூம்களின் தொகுப்பைப் பெயரால் சொல்கிற ஸ்டோர்குரூப் போடுங்கள். குரூப்பில் புது வால்யூம் சேர்ந்தாலும் அது தானாக உள்ளே வந்துவிடும். குரூப்பைத் தாண்டி வெளியேயும் துண்டு கிடக்கிற ஃபைல் இருந்தால், ஒரு துண்டு உள்ளே இருந்தாலே எடுக்கிற செலக்ட்மல்டி(எனி). பிறகு ஒரு நோரன் ஓட்டி, மாதக் கடைசி ஃபைல் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அதை மாதக் கடைசிக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.