‘ஒரு பூகூட உதிராது’ என்று சொல்லி 186 வெள்ளி வாங்கினார்கள்: குடைமிளகாய் வளர்ப்போர் கவனத்திற்கு

இன்று காலை தாழ்வாரத்தைக் கூட்டியபோது 11 மொட்டுகளை முறத்தில் அள்ளினேன். கோபம் தணியட்டும் என்று காத்திருந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். வாங்குமுன் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆறு வாரங்களுக்கு முன், இணையத்தில் விளம்பரம் செய்து செடிகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு விற்பனையாளரிடம், ஒன்று 22 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வீதம் நான்கு குடைமிளகாய்ச் செடிகளை வாங்கினேன். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் பிற்பகல் வெயில் நேராக விழும் என்பதை முதலிலேயே சொன்னேன். அவர் ஒரு தொட்டியைத் தூக்கி, இலைக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் இருந்த பிஞ்சைக் காட்டி, “அக்கா, இது நம்ம வெயிலுக்குப் பழகின ரகம். இந்த டானிக் ஊத்துங்க, ஒரு பூகூட உதிராது” என்றார். அந்தப் பிஞ்சைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு வேறு கேள்வி எழவில்லை. 49 வெள்ளி டானிக் இரண்டு போத்தலோடு சேர்த்து 186 வெள்ளி கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் மொட்டுகள் நிறைய வந்தன. காம்பு கிளையோடு சேரும் இடம் முதலில் மஞ்சளாகும். மறுநாள் விரல் பட்டாலே, கத்தியால் நறுக்கியதுபோல் கழன்று விழும். விரிந்த பூ ஒன்றைக் கைப்பேசியின் கறுப்பு உறையில் தேய்த்துப் பார்த்தேன். மகரந்தம் ஒட்டவே இல்லை.

கேட்டபோது, “இன்னும் ரெண்டு மூடி ஊத்துங்க அக்கா” என்றார். பிறகு, நான் தண்ணீர் அதிகம் விட்டதுதான் காரணம் என்றார். படங்கள் அனுப்பியதும் நான்கு நாள் பதிலே இல்லை. நேற்றிரவு வந்த கடைசிச் செய்தி: “செடி உயிரோடதானே இருக்கு, எதுக்குப் பணம் திருப்பித் தரணும்?”

பகலில் 32 டிகிரி செல்சியஸுக்கு மேலும் இரவில் 24 டிகிரிக்கு மேலும் வெப்பம் நீடித்தால் குடைமிளகாய் பூவையும் மொட்டையும் உதிர்க்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. மொட்டு சிறிதாக இருக்கும்போதே வெப்பத்தால் மகரந்தம் கெட்டுப்போகிறது. கருவுறாத பூவைச் செடியே எத்திலீன் என்ற வாயுவைச் சுரந்து காம்படியில் அறுத்துவிடுகிறது. இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் இங்கே ஏராளம்; 2023 மே 13 அன்று அங் மோ கியோ வட்டாரத்தில் 37 டிகிரி பதிவானது. இந்த இரவு வெப்பத்தை எந்த டானிக் தணிக்கும்? எனக்குக் காட்டிய பிஞ்சும் மலேசியாவின் கேமரன் மலைபோல் குளிர்ந்த ஓர் இடத்தில் பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அதே தாழ்வாரத்தில், பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியின் தொட்டியில் சில்லி பாடி என்ற சின்னக் காரமிளகாய் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது.

பிஞ்சோடு வரும் செடியைப் பார்த்து மயங்காதீர்கள். பூ உதிர்வதை நிறுத்தும் என்று விற்கும் எதையும் வாங்காதீர்கள். பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். காய் வேண்டுமென்றால் சில்லி பாடி வையுங்கள். வாக்குறுதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்காமல் விட்டேன், 186 வெள்ளி போயிற்று. நாளை பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கிறேன்.