மம்பிளா, டிஸ்கார்டா?
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து இணையத்தில் விளையாடுகிறோம். ஆடும்போது பேசிக்கொள்ள மம்பிள், டிஸ்கார்ட் என இரண்டு குரல் செயலிகள் உண்டு. பழைய 4 ஜிபி மடிக்கணினி, கைப்பேசி ஹாட்ஸ்பாட். எனக்கு மம்பிள்தான் பிடிக்கும். 2005-இல் வந்த திறமூல மென்பொருள். நினைவகம் கொஞ்சம்தான் எடுக்கும், குரல் தாமதமும் குறைவு. குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக்கின் பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) நாமே இறக்கி டேட்டாவை மிச்சப்படுத்தலாம். “அண்ணே, பின்னால ஆள்!” என்பது உடனே காதில் விழ வேண்டுமே! ஆனால் எல்லார் குரலையும் இணைக்கும் சர்வரை நம்மில் யாராவது நடத்த வேண்டும். வீட்டில் ஃபைபர் இணையம் உள்ளவர் அதை ‘ராஸ்பெர்ரி பை’ எனும் ஒரு சின்னக் கணினியிலேயே ஓட்டலாம்.

2015-இல் வந்த டிஸ்கார்டில் அந்தத் தொல்லை இல்லை. இலவசக் கணக்கு, அழைப்பு இணைப்பு, அவ்வளவுதான். இணைய உலாவியையே உள்ளே வைத்து இயங்கும் எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் எழுதப்பட்டதால் நினைவகம் கூடுதலாகக் கேட்கும். புதுக் கணினி வைத்திருக்கும் தம்பிகளுக்கு அது சரி.