ஆறு வருடமாக என் கட்டளைகளுக்கு முன்னால் ஒரு கமா

டெர்மினலில் பெயரை அடித்து ஓட்ட நான் எழுதும் சின்ன ஸ்கிரிப்ட்டுகள் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்புகள்) எல்லாவற்றுக்கும் பெயரின் முதல் எழுத்து கமாதான். ‘,சுருக்கு’, ‘,ரசீது’, ‘,துண்டு’ என்று ஆறு வருடமாக ஓடுகிறது. யோசனை என்னுடையது அல்ல. பைத்தான் நிரல்மொழி வட்டாரத்தில் தெரிந்த பிராண்டன் ரோட்ஸ் 2009-இலேயே எழுதியது. முதலில் படித்தபோது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது.

மனம் மாறியது ஒரு சனிக்கிழமை. பெரிய சிஎஸ்வி கோப்பை மாதவாரியாகப் பிரிக்க ஸ்கிரிப்ட் எழுதி, ‘ஸ்ப்ளிட்’ என்று பெயர் வைத்து, என் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘பின்’ (bin) என்ற ஃபோல்டரில் போட்டிருந்தேன். கட்டளையை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற வரிசைப் பட்டியலுக்குப் பாத் (PATH) என்று பெயர். என் பாத்தில் அந்த ஃபோல்டர்தான் முதலில் நின்றது. லினக்ஸில் ஏற்கெனவே ஒரு ஸ்ப்ளிட் உண்டு என்பது தெரியாமல் இல்லை. நான்தான் அதைத் தொடுவதே இல்லையே என்ற அலட்சியம். நான் தொடவில்லை, சரி. என் பழைய பேக்கப் ஸ்கிரிப்ட் தொட்டது. டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது) துண்டு போட அது ஸ்ப்ளிட்டைக் கூப்பிட, ஓடி வந்தது என்னுடையது. பிழைச் செய்தியும் வரவில்லை. நான் எழுதியதில் அதற்கு இடமே வைக்கவில்லை. மூன்று வாரப் பேக்கப் இருக்க வேண்டிய ஃபோல்டர் காலி.

என் ஃபோல்டரைப் பாத்தின் கடைசிக்குத் தள்ளினால் மற்ற ஸ்கிரிப்ட்டுகள் பிழைக்கும், ஆனால் என் ஸ்ப்ளிட் ஓடவே ஓடாது. ‘டெஸ்ட்’ என்று பெயர் வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். அது பாஷுக்குள்ளேயே (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் அது) இருப்பதால் பாத்தில் எங்கே வைத்தாலும் பயனில்லை. ஏலியாஸ் (கட்டளைக்கு நாமே வைக்கும் சுருக்கப் பெயர்), ஷெல்லின் சொந்தச் சொற்கள், ஃபங்ஷன், உள்ளமைந்த கட்டளை, இவை எல்லாம் பார்த்த பிறகுதான் பாஷ் பாத்துக்கே போகும். புதுப் பெயர் வைக்கும் முன் ‘டைப்’ கட்டளையை ‘-ஏ’ சேர்த்து ஓட்டினால், அந்தப் பெயரில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

இன்று காலியாக இருக்கும் பெயரை நாளை யாராவது பிடிக்கலாம். பெரிய திட்டங்களே இதில் மாட்டுகின்றன. டெபியன் லினக்ஸில் ‘பேட்’ (கோப்பைத் திரையில் காட்டும் கருவி) நிறுவினால் கட்டளை ‘பேட்கேட்’ என்றுதான் வரும். பாக்குலா பேக்கப் மென்பொருளின் நிரல் ஒன்று ‘பேட்’ என்ற பெயரை முன்பே பிடித்துவைத்திருந்தது. கோப்பு தேடும் ‘எஃப்டி’ அங்கே ‘எஃப்டிஃபைண்ட்’ ஆனதும் இதே கதை. இமேஜ்மேஜிக்கின் ‘கன்வெர்ட்’ படத்தை மாற்றும். விண்டோஸின் ‘கன்வெர்ட்’ ஃபேட் வடிவ டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் வடிவமாக்கும்! இமேஜ்மேஜிக்காரர்கள் 7-ஆம் பதிப்பில் ‘மேஜிக்’ என்ற பெயருக்கு வந்தார்கள்.

கமாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. சுருள் அடைப்புக்குள் தவிர ஷெல்லுக்கு அது ஒரு சாதாரண எழுத்து. ஷிஃப்ட் அழுத்த வேண்டாம். கமாவில் தொடங்கும் கட்டளையோடு வந்த தொகுப்பு எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. எதிர்பாராமல் கிடைத்த லாபம் ஒன்று: கமா அடித்து டேப்பை இரண்டு முறை தட்டினால் என் சரக்கு மட்டும் வரிசையாக வந்து நிற்கிறது. பெயர் மறந்துபோன ஸ்கிரிப்ட்டுகளை எல்லாம் இப்படித்தான் கண்டுபிடிக்கிறேன்.

குறை? ஃபோனில் சொல்லிப் பாருங்கள். “கமா, அப்புறம் சுருக்கு” என்றால் “கமா முன்னாலயா, பின்னாலயா?” என்று கேட்கிறார்கள். அதனால் அலுவலகத்தில் பகிரும் ஸ்கிரிப்ட்டுகளுக்குக் கமா வைப்பதில்லை. குழுவின் பெயரும் ஒரு ஹைஃபனும்தான்.

சோம்பலில் ஏலியாஸ்களுக்கு மட்டும் கமா வைக்காமல் விட்டிருந்தேன். நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட்டின் ஸ்டேட்டஸ் கட்டளைக்கு ‘ஜிஎஸ்’. பிடிஎஃப்-ஐச் சிறிதாக்கும் என் ‘,சுருக்கு’ உள்ளே கூப்பிடுவது கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளை. அதன் கட்டளையும் ஜிஎஸ்தான். ஸ்கிரிப்ட்டுக்குள் ஏலியாஸ் வேலை செய்யாது என்பதால் வருடக்கணக்கில் மோதல் வெளியே தெரியவில்லை. ஒருநாள் அதே வரியை டெர்மினலில் கையால் அடித்துப் பார்த்தபோது, பிடிஎஃப் கேட்ட எனக்குக் கிட் பதில் சொன்னது. இப்போது அதுவும் ‘,ஜிஎஸ்’. விரல்தான் இன்னும் பழகவில்லை. கமா இல்லாமல் அடித்துவிட்டு, திறந்து நிற்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டிலிருந்து ‘குவிட்’ போட்டு வெளியே வருவது வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கிறது.