டூம் எட்டர்னல் ஷாட்கன்: ஸ்டிக்கி பாமா, ஃபுல் ஆட்டோவா?

பேய்களைச் சுட்டு வீழ்த்தும் வீடியோ கேமான டூம் எட்டர்னல் (2020) தொடங்கும்போதே கையில் காம்பேட் ஷாட்கன் இருக்கும். கொஞ்ச தூரம் போனதும், துப்பாக்கிக்கு ‘மாட்’ என்ற கூடுதல் திறன் தரும் மாட் பாட் ஒன்று வந்து நிற்கும். இந்தத் துப்பாக்கிக்கு இரண்டு மாட். ஒன்று எதிரி மேல் ஒட்டிக்கொண்டு வெடிக்கும் ஸ்டிக்கி பாம், மற்றொன்று விடாமல் சுடும் ஃபுல் ஆட்டோ. பெயரைக் கேட்டதும் ஃபுல் ஆட்டோ பக்கம்தான் கை போகும். எனக்கும் அப்படித்தான் போனது. இரண்டாவது சண்டையிலேயே ஷெல் (ஷாட்கன் தோட்டா) காலி. ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு, அறுத்தால் தோட்டா கொட்டும் என்று ஏதாவது ஒரு ஸாம்பியைத் தேடி அரங்கம் முழுக்க ஓடினேன்.

எல்லாம் அந்த ஷெல் கணக்கில்தான் இருக்கிறது. 1993இல் வந்த முதல் டூமில் 50 ஷெல் வைத்துக்கொள்ளலாம், பை கிடைத்தால் 100. எட்டர்னலில் ஆரம்பத்தில் 16, எல்லா மேம்பாடும் போட்ட பிறகும் 24தான். ஒரே துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது, மாற்றி மாற்றிச் சுட வேண்டும் என்பதற்காகவே இந்தச் சிக்கனம். அதனால் எந்த மாட் அதிகமாக அடிக்கிறது என்பதைவிட, ஒரு ஷெல்லுக்கு என்ன வேலை நடக்கிறது என்று பார்ப்பதுதான் சரி.

அந்தக் கணக்கில் ஸ்டிக்கி பாமை அடிக்க ஆளில்லை. காக்கோடீமன் என்ற அந்த மிதக்கும் சிவப்பு உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகச் சுட்டு வீழ்த்த நேரம் பிடிக்கும், தோட்டாவும் தின்னும். ஆனால் கடிக்க வாயைத் திறந்துகொண்டு வரும்போது ஒரே ஒரு ஸ்டிக்கி பாமை உள்ளே போட்டால் போதும். லபக்கென்று விழுங்கும், உள்ளே ‘டொம்’ என்று ஒரு சத்தம், அப்படியே மயங்கி மிதக்கும். பாய்ந்து போய் கண்ணைப் பிடுங்கிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கலாம். செலவு ஒரு ஷெல். அரக்னோட்ரான் என்ற சிலந்திப் பேயின் முதுகுப் பக்கத்திலிருந்து தூரத்தில் இருந்தே நம்மை வதைக்கும் பீரங்கியையும் இதே குண்டு பெயர்த்துவிடும். மான்குபஸ் என்ற குண்டுப் பேயின் கைப் பீரங்கிகளுக்கும் இதே வைத்தியம்.

இன்னொரு வசதியும் உண்டு. வரிசையாக மூன்று குண்டு போட்டதும் மாட் மறுபடி தயாராகச் சிறிது நேரம் எடுக்கும். அதற்காக நின்று காத்திருக்க வேண்டியதில்லை, வேறு துப்பாக்கிக்கு மாறிவிடலாம். மாஸ்டரி, அதாவது மாட்டின் கடைசி மேம்பாடு, முடித்தால் மூன்று ஐந்தாகும். உண்மையைச் சொன்னால், எனக்கு மூன்றே போதும். பதற்றத்தில் ஐந்தையும் சுவரில் ஒட்டிவிட்டு நின்ற நாட்கள் அதிகம்.

ஃபுல் ஆட்டோ ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை. மாட்டை இயக்கினால் துப்பாக்கி உருமாறி முடிக்கவே ஒரு கணம் ஆகும். பிறகு நடை தளரும். ஓடிக்கொண்டே இருந்தால்தான் உயிர் என்று கட்டிய ஆட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. இரண்டு குறையையும் குறைக்க மேம்பாடுகள் இருக்கின்றன, ஆனால் அதற்குப் புள்ளிகள் செலவழித்த பிறகுதான் மற்ற துப்பாக்கிகள் ஆரம்பிக்கும் இடத்துக்கே இது வந்து சேரும். அடி என்னவோ அசுர அடிதான், அதில் சந்தேகமில்லை. பனிக்குண்டு போட்டு ஒரு பெரிய பேயை உறைய வைத்துவிட்டு, மூக்குக்கு நேரே நின்று திறந்துவிட்டால் உருகி ஓடும். அதற்குள் ஷெல்லும் ஓடிப்போயிருக்கும். இதன் மாஸ்டரி வந்த பிறகு, இந்த மாட்டால் கொன்ற பேய்கள் ஷெல் உதிர்க்கும். பாதி நஷ்டத்தை அது ஈடுகட்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையான போட்டியாளர் ஒருவர் இருக்கிறார்: சூப்பர் ஷாட்கன் என்ற இரட்டைக்குழல் துப்பாக்கி. 1994இல் டூம் 2இல் வந்த காலத்தில் கணக்கு எளிது. சாதாரண ஷாட்கன் ஒரு ஷெல்லுக்கு 7 ரவை, இரட்டைக்குழல் இரண்டு ஷெல்லுக்கு 20 ரவை. 14 வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் யார் பழையதைத் தொடுவார்கள்? எட்டர்னலிலும் அது ஒரு அடிக்கு இரண்டு ஷெல் கேட்கும், அதுவும் அதே 24இல் இருந்து. அதில் இருக்கும் மீட் ஹூக் என்ற கொக்கியை வீசி எதிரியிடம் பறந்து போகலாம். அதன் மாஸ்டரி முடித்தால் கொக்கி மாட்டிய பேய் எரிந்து கவசமும் உதிர்க்கும். கிட்டத்து அடிக்கு இதை மிஞ்ச காம்பேட் ஷாட்கன் முயல வேண்டியதே இல்லை.

ஃபுல் ஆட்டோ தோற்பது இங்கேதான். அதுவும் கிட்டத்து ஆயுதம், சூப்பர் ஷாட்கனும் கிட்டத்து ஆயுதம், இருவருக்கும் ஒரே தட்டு. ஸ்டிக்கி பாம் தூரத்து வேலையை ஒன்றிரண்டு ஷெல்லில் முடித்துவிட்டு, மிச்சத்தை சூப்பர் ஷாட்கனுக்கு விட்டுவைக்கும்.

ஒரே ஒரு ஆள் வந்தால் மட்டும் நான் மாட்டை மாற்றுவேன்: பிங்கி என்ற பாயும் பேய். முன்பக்கம் முழுக்கக் கவசம், வால் மட்டும் மெத்து. பாய்ந்து வரும்போது பக்கவாட்டில் ஒதுங்கினால் வேகத்தை அடக்க முடியாமல் கடந்து போய், வாலைக் காட்டியபடி ஒரு கணம் நிற்கும். ஃபுல் ஆட்டோ மாஸ்டரிக்கு ஆட்டம் கேட்பதும் இந்த வால் அடியைத்தான். ஒதுங்கும்போதே மாட்டை இயக்கி வைத்திருந்தால், அது திரும்புவதற்குள் கதை முடிந்திருக்கும்.