என்கார்ட்டா 95: இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவன் எழுதுவது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகவல் தேடுவதற்கு இன்றைக்கு யாருக்கும் என்கார்ட்டா 95 என்ற இந்த சிடி கலைக்களஞ்சியம் வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்து மேய்வதற்கு என்றால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

சோமனூரில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே தறிக் கணக்குக்காக. பாவு எத்தனை வந்தது, ஊடை நூல் எவ்வளவு, நெய்து கொடுத்த மீட்டருக்குக் கூலி எவ்வளவு பாக்கி, இதெல்லாம் அதில் ஏறும் என்பது அப்பாவின் திட்டம். கோயமுத்தூரில் அசெம்பிள் பண்ணிக் கொடுத்தவர் சவுண்ட் கார்டு, சிடி டிரைவ், ஸ்பீக்கர் எல்லாம் அடங்கிய மல்டிமீடியா கிட் ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டார். அதோடு வந்த சிடிகளில் ஒன்றுதான் மைக்ரோசாஃப்டின் என்கார்ட்டா 95. கொஞ்ச நாளில் அப்பா கணக்கை மறுபடியும் நோட்டுக்கே கொண்டுபோய்விட்டார். கம்ப்யூட்டர் எங்கள் கைக்கு வந்தது.

இது எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்த கதை சுவாரசியமானது. மைக்ரோசாஃப்ட் முதலில் போய்க் கேட்டது பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியக்காரர்களை. அவர்கள் முடியாது என்றுவிட்டார்கள். அப்புறம்தான் ஃபங்க் அண்ட் வாக்னல்ஸ் கலைக்களஞ்சியத்துக்கு உரிமை வாங்கினார்கள். அமெரிக்காவில் அதை சூப்பர் மார்க்கெட்டில் மளிகைச் சாமானோடு, தொகுதி தொகுதியாக விற்பார்களாம். அதற்குப் படமும் ஒலியும் சேர்த்து 1993ல் வெளியிட்டார்கள். 395 டாலர் என்று ஆரம்பித்த விலை சீக்கிரமே 99 டாலருக்கு இறங்கியது. புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு அதோடு சேர்த்தே கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். பிரிட்டானிக்கா சம்மதித்திருந்தால் தறிக்காரர் வீட்டுக்கு இது இலவசமாக வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பயன்பாட்டுக்கு வருவோம். வீடியோக்கள் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் சுற்றுப்பாதையைக் காட்டும் ஒரு செய்முறை இருந்தது. அதை இப்போதும் ஓட்டிப் பார்க்கிறேன். பூமி நடுவில் நிற்கும், துணைக்கோளை எந்த வேகத்தில் விடுவது என்பது நம் கையில். வேகம் குறைந்தால் வளைந்து வந்து பூமியில் விழும். கூடிப்போனால் திரையைத் தாண்டிப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே உள்ள வேகங்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். பிளஸ் டூவில் அந்தச் சூத்திரத்தைப் போர்டில் எழுதியபோது எனக்கு அது சூத்திரமாகவே படவில்லை. கையால் ஓட்டிப் பழகிய சமாச்சாரமாக இருந்தது. வேறு எதுவுமே இல்லாமல் இது ஒன்றுக்காகவே அந்த சிடியை வைத்திருக்கலாம்.

மைண்ட்மேஸ் என்ற விளையாட்டும் உண்டு. பழைய கோட்டை, அறை அறையாகக் கதவுகள், கதவுக்கு ஒரு கேள்வி. பதில் தெரியாவிட்டால் கட்டுரைக்குள் போய்த் தேடிவிட்டு வருவோம். விளையாட்டின் பெயரில் படிக்க வைக்கிற தந்திரம் என்று அப்போதே புரிந்தது, ஆனாலும் விட மனம் வரவில்லை.

ஒரு குறும்பும் இருந்தது. கட்டுரையிலிருந்து கொஞ்சம் நீளமாகக் காப்பி பண்ணி ஒட்டினால், மைக்ரோசாஃப்ட், ஃபங்க் அண்ட் வாக்னல்ஸ் என்று உரிமை வரி ஒன்று அடியில் தானாக வந்து உட்காரும். பிராஜெக்ட் நோட்டில் அதை அழிக்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவர்கள் வகுப்பில் உண்டு. வாத்தியாருக்கு விசாரணையே தேவைப்படவில்லை.

குறைகள் ஏராளம். எல்லாம் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மனதில் வைத்து எழுதியது. மைலும் பாரன்ஹீட்டும் விடாமல் வரும். இந்தியாவுக்குக் கட்டுரை உண்டு, காந்திக்கு உண்டு, அதைத் தாண்டி நம் பக்கம் இறங்கி வந்தால் வறட்சி. அப்பாரு, அதாவது தாத்தா, ஒருநாள் பின்னால் வந்து நின்று, "ஏங்கண்ணு, ஊருப்பட்ட சமாச்சாரம் இருக்குதுன்னியே, நம்ம சோமனூரு இருக்குதா?" என்றார். "இல்லீங் அப்பாரு." "தறி?" விசைத்தறிக்கு 1785ல் பேட்டன்ட் வாங்கிய எட்மண்ட் கார்ட்ரைட்டைக் காட்டினேன். "அந்த ஆளு நாடா அந்துபோனா என்ன பண்ணுனானாம்?" என்று கேட்டுவிட்டு குடோனுக்குப் போய்விட்டார்.

அந்தப் பசிக்கு எனக்குக் கிடைத்தது நூலகத்தில் இருந்த தமிழ்க் கலைக்களஞ்சியம்தான். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த பத்துத் தொகுதிகள். முதல் தொகுதி 1954ல் வந்தது. தூரன் மொடக்குறிச்சிப் பக்கத்துக்காரர், அதை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தலைவர் அவினாசிலிங்கம் செட்டியார் கோயமுத்தூர்க்காரர். நம்மூர்க்காரர்கள் இவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடித்திருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என்கார்ட்டாவில் படித்ததையே அங்கே தமிழில் தேடிப் பார்ப்பது வழக்கமானது. இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலேயே அத்தனை தொகுதிகளும் கிடைக்கின்றன.

காலாவதியானது பற்றிப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. இந்த சிடியில் சென்னை இன்னும் மெட்ராஸ், காங்கோ இன்னும் ஜயர், கோள்கள் ஒன்பது. 1994ல் உலகம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்று பார்க்க இதைவிட வசதியான இடம் இல்லை. பிந்தைய பதிப்புகள் 62,000 கட்டுரைகள் வரை வளர்ந்தன, 2009ல் மைக்ரோசாஃப்ட் மொத்தத்தையும் நிறுத்தியது. பெரியதைவிட இந்தச் சின்னதுதான் எனக்குப் பிடிக்கும். ஒரு வாரம் லீவு கிடைத்தால் பாதியாவது சுற்றிவிட்ட திருப்தி இருக்கும்.

இப்போது எப்படி ஓட்டுவது? இது 16 பிட் புரோகிராம், 64 பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது. நான் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் 98 போட்டு, 256 வண்ணத்தில் வைத்து ஓட்டுகிறேன். சிடி வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக அதை ஐஎஸ்ஓ இமேஜாக, அதாவது முழு சிடியின் நகலை ஒரே ஃபைலாக எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தறிப்பஞ்சு டிரைவுக்குள் போய் லென்ஸில் ஒட்டி, பாதியில் நின்றுபோவது வாடிக்கை. அதைப் பஞ்சைத் துடைத்துச் சரிபண்ணலாம். சிடியின் மேல்பக்கம், அதாவது பெயர் அச்சடித்த பக்கம் கீறினால் ஒன்றும் செய்ய முடியாது, தகவல் இருக்கிற படலம் அதற்கு அடியில்தான் இருக்கிறது. பலர் பளபளக்கிற பக்கத்தை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் மைண்ட்மேஸில் ஆரம்பியுங்கள். கட்டுரையில் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள்.