விஎஃப்டி மோட்டாருக்கு எர்த்திங் வளையமா, இன்சுலேட்டட் பேரிங்கா?

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாம்பழக்கூழ் ஆலைகளில் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணு டிரைவ்) இல்லாமல் நேரடியாக ஓடும் பெரிய விசிறியையோ பம்பையோ காண்பது அரிதாகி வருகிறது. விசிறியின் வேகத்தைச் சற்றே குறைத்தாலும் அது இழுக்கும் மின்சாரம் பெருமளவு குறைவதால், டிரைவுக்குப் போட்ட பணம் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் மின்கட்டணத்தில் மிச்சம் பிடித்துத் தரும் அந்த டிரைவே, கவனிக்காமல் விட்டால், மோட்டாரின் பேரிங்கைச் சில மாதங்களில் அரித்துவிடும். எங்கள் ஆலையில் பாய்லரின் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஐடி ஃபேன் மோட்டாருக்கும் சில பம்ப் மோட்டார்களுக்கும் இதற்கான காப்பைத் தேட வேண்டி வந்தபோது, முடிவில் இரண்டு வழிகள் எஞ்சின. ஒன்று, ஷாஃப்டில் ஏறும் மின்சாரத்தை பேரிங்கைத் தொடவிடாமல் வேறு வழியாக எர்த்துக்கு இறக்கிவிடும் கார்பன் இழை வளையம். மற்றொன்று, மின்சாரம் கடந்து போக முடியாத இன்சுலேட்டட் பேரிங். நான் வளையத்தைத் தேர்ந்தவன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மெயின்ஸில் நேரடியாக ஓடும் மோட்டாரில் மூன்று பேஸ்களின் வோல்டேஜைக் கூட்டினால் எந்தக் கணத்திலும் கிட்டத்தட்ட சுழியம்தான் வரும். விஎஃப்டியோ மின்சாரத்தைத் துடிப்புகளாக நறுக்கி அனுப்புகிறது என்பதால் அந்தக் கூட்டுத்தொகை சுழியமாக நிற்பதில்லை. மிஞ்சும் இந்தக் காமன் மோட் வோல்டேஜ், வைண்டிங்குக்கும் ரோட்டாருக்கும் இடையிலுள்ள கப்பாசிட்டன்ஸ் வழியாக ஷாஃப்டில் ஏறுகிறது. ஓடும் பேரிங்கில் குண்டுக்கும் அது உருளும் வளையமான ரேஸுக்கும் நடுவே இருக்கும் கிரீஸ் படலம் ஒரு மைக்ரான் அளவிலானது. ஷாஃப்டின் வோல்டேஜ் அந்தப் படலம் தாங்கும் அளவைக் கடந்ததும் பொறி பாய்ந்து, இரும்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி விழுகிறது. ஓசூர் டூல் ரூம்களில் டை செய்ய ஓட்டும், பொறியால் இரும்பை அரித்தெடுக்கும் இடிஎம் இயந்திரத்தின் வேலையும் இதுவேதான். அங்கே அது வேண்டுமென்றே நடக்கிறது, இங்கே நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வேண்டாமலே நடக்கிறது. சாதாரண மல்டிமீட்டர் இதைக் காட்டாது, ஓடும் ஷாஃப்டைத் தொடும் முனையுடன் கூடிய ஆசிலோஸ்கோப் வேண்டும்.

அது கைவசம் இல்லாதவர்கள் கழற்றிய பேரிங்கையே சாட்சியாகக் கொள்ளலாம். அவுட்டர் ரேஸைக் கட்டிங் வீலில் இரண்டாக அறுத்துத் துடைத்துப் பார்த்தால், குண்டு ஓடிய தடம் பளபளப்பு இழந்து மங்கியிருக்கும். அதில் குறுக்குவாட்டில், ஏறத்தாழச் சம இடைவெளியில், வாஷிங் போர்டு போல வரிகள் விழுந்திருக்கும். அவற்றை நகத்தால் வருடினாலே தட்டுப்படும். கிரீஸ் கரிபோலக் கறுத்திருக்கும். ஒரே வேகத்தில் நாள் முழுவதும் ஓடும் ஐடி ஃபேன் போன்ற மோட்டார்களில் இந்த வரிகள் தெளிவாக விழுகின்றன. சீசன் இல்லாத மாதங்களில் சும்மா நிற்கும் மோட்டாருக்குப் பக்கத்து இயந்திரத்தின் அதிர்வால் விழும் தழும்புகளை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை குண்டுகள் நின்ற இடங்களில் மட்டும், குண்டுக்கும் குண்டுக்கும் உள்ள இடைவெளியில் இருக்கும்.

இரண்டு முக்கிய வழிகளுக்கு வருமுன் மற்றவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். டிரைவிலிருந்து மோட்டார் வரை ஷீல்டு கேபிள் இழுத்து, ஷீல்டை இரு முனையிலும் முழுச்சுற்றாகப் பிடித்து, மோட்டார் உடலைப் பட்டையான பின்னல் கம்பியால் இயந்திரத்தின் அடிச்சட்டத்தோடு இணைப்பது எந்த வழியைத் தேர்ந்தாலும் செய்ய வேண்டியது. டிரைவ் மின்சாரத்தை நறுக்கும் வேகமான கேரியர் பிரீக்வென்சியை எட்டு கிலோ ஹெர்ட்ஸில் வைத்திருப்பவர்கள் மூன்று, நான்குக்கு இறக்கினால் பொறிகளின் எண்ணிக்கை குறையும், மோட்டாரின் கீச்சொலி கூடும், செலவு ஒன்றுமில்லை. மூன்று பேஸ் கேபிள்களையும் சேர்த்து மாட்டும் காமன் மோட் கோர், பெரிய மோட்டார்களில் பேரிங்குகள் வழியே சுற்றி வரும் மின்னோட்டத்தைக் குறைக்க நல்லது. சிறிய மோட்டாரில் ஷாஃப்ட் வோல்டேஜால் பாயும் பொறிக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. மின்சாரம் கடத்தும் கிரீஸை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதில் கலந்திருக்கும் துகள்களே காலப்போக்கில் ரேஸைத் தேய்க்கும்.

இன்சுலேட்டட் பேரிங்குகளில் இரண்டு வகை உண்டு. அவுட்டர் ரேஸின் வெளிப்புறத்தில் அலுமினியம் ஆக்சைடைப் பிளாஸ்மா முறையில் பூசியது ஒன்று. அந்தப் பூச்சு சுமார் நூறு மைக்ரான் கனம் இருக்கும், ஆயிரம் வோல்ட் டிசியைத் தாங்கும். ஆனால் மெல்லிய பூச்சு தானே ஒரு கப்பாசிட்டராக நடந்துகொள்வதால், டிரைவின் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை முழுவதுமாக நிறுத்துவதில்லை. இரண்டாவது வகையான ஹைப்ரிட் பேரிங்கில் ரேஸ்கள் இரும்பாகவும் குண்டுகள் சிலிக்கான் நைட்ரைடாகவும் இருக்கும். குண்டே மின்சாரம் கடத்தாது என்பதால் பொறி பாய வழியில்லை. எடை குறைந்த குண்டு என்பதால் சூடும் குறைவு, கிரீஸும் நீண்ட நாள் உழைக்கும். பேரிங்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் ஹைப்ரிட்தான் சிறந்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. விலை சாதாரண பேரிங்கைப் போலப் பல மடங்கு என்பதைக்கூட, மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் பொறுத்துக்கொள்ளலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது அந்தப் பேரிங் அடுத்த முறை எங்கே, யார் கையால், எந்த அவசரத்தில் மாற்றப்படும் என்ற ஒரே கேள்விதான்.

பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் ஜூன் மாதத்தில், ஆலை வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கையில், ஒரு மோட்டார் இரவு பதினொரு மணிக்குச் சத்தம் போடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பழம் காத்திருக்காது. பிட்டர் மோட்டாரைக் கழற்றி, புல்லர் போட்டுப் பேரிங்கை உருவி, அதன் முகத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கிறார். அங்கே 6316 என்ற எண்ணுக்குப் பின்னால் சி3 என்றும் விஎல்0241 என்றும் இருக்கலாம், அல்லது சிறிய மோட்டாராக இருந்தால் 6309-க்குப் பின்னால் எச்சி5 என்று இருக்கலாம். சி3 உள் இடைவெளியைத்தான் குறிக்கிறது; பூச்சைக் குறிக்கும் விஎல்0241, ஹைப்ரிட்டைக் குறிக்கும் எச்சி5 என்ற எழுத்துகளில்தான் மொத்தக் காப்பும் அடங்கியிருக்கிறது. ஆனால் கடைக்குப் போன் போகும்போது வாயில் வருவது முன்னால் இருக்கும் நான்கு இலக்கம் மட்டுமே. கடையில் இருப்பதும் அதுவே. அதே உள்விட்டம், அதே வெளிவிட்டம், கச்சிதமாக உட்காரும், மோட்டார் அமைதியாக ஓடும், எல்லோரும் தூங்கப் போவார்கள். அந்தக் கணத்தோடு காப்பு போய்விட்டது, போனதை வெளியிலிருந்து எதுவும் காட்டாது. அடுத்த சீசனில் அதே மோட்டார் மீண்டும் வரி விழுந்த ரேஸோடு வரும்போது, இன்சுலேட்டட் பேரிங் போட்டும் பயனில்லை என்ற பேச்சுதான் மிஞ்சும்.

கைவசம் ஒரு ஸ்பேர் வாங்கி வைத்தால் தீராதா என்று கேட்கலாம். ஒரே அளவில் இரண்டு, மூன்று மோட்டார்கள் உள்ள இடத்தில் தீரும். எங்களைப் போல ஆலை வளர வளர அவ்வப்போது வாங்கிச் சேர்த்த, அளவுக்கு ஒன்றாக மோட்டார்கள் இருக்கும் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்துக்கும் ஹைப்ரிட் ஸ்பேர் வைப்பது ஸ்டோரில் பணத்தைப் பூட்டி வைப்பதாகும். ரீவைண்டிங்குக்குப் போகும் மோட்டாரின் கதையும் இதே. காயில் எரிந்து கடைக்குப் போன மோட்டார் திரும்பும்போது புதுப் பேரிங்கும் போட்டுத் தருவது கடைக்காரர் செய்யும் நல்ல காரியம், அவர் போடுவது சாதாரண பேரிங். மேலும், பூச்சுப் பேரிங்கைச் சுத்தியலால் தட்டி இறக்கினால் விளிம்பில் செராமிக் பெயர்ந்துவிடும், ஹவுசிங்கில் உட்கார்ந்த பிறகு அது தெரியவே தெரியாது.

எர்த்திங் வளையம் இந்தச் சங்கிலியிலிருந்து விலகி நிற்கிறது. அது எண்ட் கவரில் திருகாணியாலோ, மின்சாரம் கடத்தும் எபாக்சியாலோ பிடிக்கப்பட்டிருக்கும். உள்விளிம்பில் வரிசையாக நிற்கும் நுண்ணிய கார்பன் இழைகள் ஷாஃப்டைச் சுற்றிலும் தொட்டுக்கொண்டிருக்கும். பேரிங்கை யார் மாற்றினாலும், எந்த பிராண்டைப் போட்டாலும், வளையம் தன் இடத்தில் இருக்கும், காப்பும் இருக்கும். கவரைக் கழற்றும் நபர் இழைகளை மடக்கிவிடாமல் நேராக உருவினால் போதும். அப்படியே அவர் அதைக் கெடுத்தாலும், வெளிப்பக்கம் பொருத்திய வளையம் என்றால் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. மோட்டாரின் இரு பேரிங்குகளையும் இன்சுலேட் செய்துவிட்டால் ஷாஃப்டில் ஏறிய வோல்டேஜ் மறைந்துவிடுவதில்லை, அது கப்ளிங் வழியாகப் பம்பின் பேரிங்கையோ, கியர் பாக்ஸையோ, வேகத்தை அளக்கும் என்கோடரையோ தேடிப் போகும். வளையம் அந்த வோல்டேஜையே சில வோல்ட்டுக்குள் இறக்கிவிடுகிறது.

வளையத்துக்கும் பராமரிப்பு வேண்டும் என்பதை மறைக்கத் தேவையில்லை. இழை தொடும் இடத்தில் பெயிண்டோ துருவோ எண்ணெயோ இருந்தால் வளையம் வெறும் அலங்காரம்தான். அந்த இடத்தை மெல்லிய எமரித் தாளால் வெள்ளையாகும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வெள்ளித் துகள் கலந்த கடத்தும் பூச்சைப் பூசி உலரவிட்ட பிறகே வளையத்தைப் பொருத்த வேண்டும். சாவி உட்கார ஷாஃப்டில் வெட்டிய சாவிக் காடியின் மேல் இழைகள் ஓடக் கூடாது, ஓட வேண்டி வந்தால் காடியின் அந்தப் பகுதியை எபாக்சியால் நிரப்ப வேண்டும். கூழ் ஆலைக்கென்று தனித் தொல்லையும் உண்டு: சீசன் முடிந்து மாதக்கணக்கில் நிற்கும் மோட்டாரின் ஷாஃப்டில், தினமும் தண்ணீர் அடித்துக் கழுவிய ஈரத்தால் இழைக்கு அடியிலேயே துரு பிடிக்கும். ஆகவே மே மாதத்தில் லைனை ஓட்டிப் பார்க்கும்போது ஷாஃப்டைத் துடைத்து, வளையத்திலிருந்து மோட்டார் உடலுக்கு ஓம் அளவு சுழியத்தை ஒட்டி இருக்கிறதா என்று பார்ப்பதைச் செக்லிஸ்டில் சேர்த்திருக்கிறோம். பழைய பாணி ஒற்றைக் கார்பன் பிரஷ்ஷைவிட இந்த வேலை குறைவுதான், அது தேய்ந்து பொடி கொட்டும், ஸ்பிரிங் தளரும்.

நூறு கிலோவாட்டையும் தாண்டிய மோட்டார்களில் என் சாய்வு மாறுகிறது. அங்கே ஷாஃப்ட் வோல்டேஜோடு, ஒரு பேரிங்கில் நுழைந்து ஷாஃப்ட் வழியே சென்று மறு பேரிங்கில் இறங்கி உடல் வழியே திரும்பும் சுழல் மின்னோட்டமும் சேர்ந்துகொள்ளும். வளையம் மட்டும் அதை வெட்டாது. டிரைவ் எண்டுக்கு, அதாவது சுமை இணையும் பக்கத்துக்கு, எதிர்ப்பக்கத்தில் இன்சுலேட்டட் பேரிங், டிரைவ் எண்டில் வளையம் என்று இரண்டையும் போடுவதே முறை. அந்த இன்சுலேட்டட் பேரிங்கின் முழு எண்ணையும் எண்ட் கவரிலேயே பெயிண்டால் எழுதி வைக்க வேண்டும்.

பர்கூர்ப் பக்கத்துக் கிரானைட் அறுக்கும் ஆலைகளுக்கு இதை அப்படியே சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, அந்தச் சூழலில் வளையத்தை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. கல் மாவு கலந்த சேறு மோட்டாரின் மேல் தொடர்ந்து தெறிக்கும் இடத்தில் வெளிப்பக்க வளையத்தின் இழைகளுக்கிடையே அது இறுகிவிடும் என்பதே என் கணிப்பு. அங்கே எண்ட் கவருக்குள், சீலுக்குப் பின்னால் வைக்கும் வளையத்தையே நான் முதலில் யோசிப்பேன். அதற்கு இடமில்லாத மோட்டார் என்றால் சீல் வைத்த ஹைப்ரிட் பேரிங்குக்கே போவேன், மாற்று ஒன்றை வாங்கி முதலாளியின் அலமாரியில் பூட்டி வைப்பதாக இருந்தால்.